பொட்டில்லாத ராணி

“பொட்டு வெச்ச ஜப்பான்காரியை இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன் மேடம்” என்றான் சேஷு. “அடுத்தது மல்லிப்பூவும் வெச்சு விட்டுடுவாங்களோ?”

ப்ரியம்வதா சிரிக்கவில்லை. ஜோக் அடிப்பது அவன் உத்தியோகம், சிரிக்காமல் இருப்பது அவள் உத்தியோகம். இரண்டு பேருமே இதுவரை லீவு போட்டதில்லை.

அவள் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்த மடிப்புத் திரையின் நாலாவது பலகையை மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பலகைகள். ஆள் உயரம். விசிறி மடிப்பாக மடித்து, புனேயின் ஔந்த் பகுதி ஃபிளாட் ஒன்றின் மேற்கு ஜன்னலோரம் நிறுத்தியிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஏதோ அரசவைக் கதையாம். பொன்னிற மேகங்களுக்கு நடுவே கூரையில்லாத அரண்மனை. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி உள்ளே ராணிகள், மூங்கில் தட்டி, ஒளிந்து நின்று பார்க்கிற ஓர் இளவரசன். ராணிகளின் முகம் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அந்த நகத்தளவு முகத்தில் கடுகளவு சிவப்புப் பொட்டு.

“அந்த மும்பை எக்ஸ்பர்ட்டும் அதைத்தாம்மா சொன்னான்” என்றார் சோபாவில் இருந்த அருணாச்சலம். “வரைஞ்சவன் நம்மூரு பய. பழக்க தோஷத்துல நெத்தில பொட்ட வச்சிட்டான். ஜப்பான்காரி எங்கனயாவது பொட்டு வப்பாளா?”

அருணாச்சலம் திருநெல்வேலிக்காரர். தளேகாவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையை மேனேஜராக ஆண்டுவிட்டு ஓய்வு பெற்றவர். ஆண்டுவிட்டு என்ற சொல் அவருடையதே. அங்கே ஒரு பெரிய ஸ்டிரைக் நடந்தபோது அதை முறித்துக் கம்பெனியைக் காப்பாற்றியதற்காக, ஊர் திரும்பவிருந்த ஜப்பானிய டைரக்டர் இந்தத் திரையை மொத்தத் தொழிற்சாலைக்கும் முன்னால் அவர் கையில் கொடுத்தாராம். முந்நூறு வருஷப் பழசு என்று அவர் சொல்லாத வீடு புனேத் தமிழர்களில் கிடையாது.

அந்தப் பெருமைதான் சந்தி சிரித்துவிட்டது. கம்பெனியின் ஆண்டு விழாவில் திரையைக் காட்சிக்கு வைக்க மகன் மனோஜ் ஏற்பாடு செய்தான். மும்பையிலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, நகல் என்று சொல்லிவிட்டார். அதுவும் பழைய நகல்கூட இல்லையாம், இந்தியக் கைவேலையாம். அப்போது அருணாச்சலம் கையை நீட்டி, இவதான் மாத்திட்டா என்று ஒருத்தியைக் காட்டினார்.

அந்த ஒருத்தி சந்திரிகா. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளராக அங்கேயே நின்றிருந்தாள். பிம்ப்ரியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறவள். அதற்கு முந்தைய மாதம் பலகைகளைப் பிணைக்கும் காகிதக் கீல் கிழிந்துவிட்டதென்று திரையை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒட்டிக் கொடுத்திருந்தாள். போதாதா? போலீஸ் சௌகியில் புகார். கம்பெனி அவளை வரவேண்டாம் என்றது. வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ப்ரியம்வதாவிடம் வந்து அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: “நான் எடுக்கல.” அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்காரியை எப்படிக் காப்பாற்றுவது என்று சேஷு இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

“உங்க அசல் திரையில இந்தப் பொட்டு இருந்துச்சா சார்?” என்று கேட்டாள் ப்ரியம்வதா, திரும்பாமலே.

“அதான் சொன்னேன்லா, ஜப்பான்காரி...”

“இருந்துச்சா, இல்லையா?”

அருணாச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்ல” என்றார். “ஒரு பொட்டும் கெடையாது.”

இந்த இடைவெளியில் சேஷு ஷோகேஸில் இருந்த ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். சோபாவிலிருந்து ஒரு கர்ஜனை கிளம்பியது.

“வே! வையும்! அத வையும் கீழ! இந்த வீட்ல எம் பொருள என்னக் கேக்காம எவனும் தொட்டதில்ல, பாத்துக்கிடும்!”

சேஷு பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலக் கிண்ணத்தை ஷோகேஸில் வைத்தான். “மன்னிச்சுக்குங்க சார். உசிரோட இருக்குன்னு தெரியாது.”

ப்ரியம்வதா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “அஞ்சு ராணிகள் இருக்காங்க சேஷு. பொட்டு எத்தனை பேருக்கு?”

அவன் குனிந்து பார்த்தான். “நாலு. கடைசிப் பலகையில, திரைச்சீலைக்குப் பின்னாடி உக்காந்திருக்கற அம்மாவுக்கு இல்லை. பெயிண்டர் மறந்துட்டான்போல. இல்ல, குங்குமம் தீந்துடுச்சு.”

“குங்குமம்னு யார் சொன்னது?”

சேஷு மறுபடி குனிந்தான். அவன் விளையாட்டாகச் சொன்னது. அவள் விளையாடவில்லை. மற்ற நிறமெல்லாம் காகிதத்தின்மேல் பளபளப்பாகப் படிந்திருக்க, அந்தச் சிவப்பு மட்டும் பொடி அப்பிச் சொரசொரவென்று இருந்தது. ஓரத்தில் எண்ணெய் ஊறினமாதிரி ஒரு மஞ்சள் வளையம்.

*

ஸ்கூட்டர் மெட்ரோ தூண்களின் நிழலில் பிம்ப்ரி நோக்கிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த ப்ரியம்வதா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினாள். தனியாகத் துப்பறிய வருமுன் அவள் காப்பீட்டுக் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். எரிந்த கோடவுன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவள். அப்போதிலிருந்தே அவள் பாடம் ஒன்றுதான். பொருளைப் பார்க்காதே, பொருளோடு புழங்கினவனைப் பார்.

“பெயிண்டர் வெச்ச பொட்டா இருந்தா, அதே தூரிகை, அதே பெயிண்ட். இது அப்புறமா யாரோ தீக்குச்சி நுனியில தொட்டு வெச்சது. அது ஒரு பொம்பளை கை.”

“ஆம்பளை வெச்சிருக்கக் கூடாதா?”

“ஆம்பளைக்கு அஞ்சாவது ராணியை விடத் தோணாது. எல்லாருக்கும் ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருப்பான். இது பாத்துப் பாத்து வெச்சிருக்கு.”

சந்திரிகாவின் வகுப்பு ஒரு வடாபாவ் கடையின் மாடியில் இருந்தது. முன்பு நிற்க இடமில்லாத அறை. இப்போது மூன்று பிள்ளைகள், முப்பது நாற்காலிகள். பலகையில் ஏதோ எழுதிவிட்டு வெளியே வந்த சந்திரிகாவின் முகத்தில் தூக்கமே இல்லை. நாற்பத்தைந்து வயது. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“கடைசிப் பலகையில சீலைக்குப் பின்னாடி உக்காந்திருக்கறது யாரு?” என்று எடுத்தவுடன் கேட்டாள் ப்ரியம்வதா.

சந்திரிகாவின் கண் ஒரு கணம் அசைந்தது. “அவங்க ஒரு ராணி. ராஜா போனதும் முடியைக் குறைச்சுக்கிட்டு சன்னியாசம் வாங்கிக்கிட்டவங்க. கதையில அவங்க ஒருத்தர்தான்...”

“விதவை.”

“ஆமா.”

சேஷு மெல்ல விசிலடித்தான். “அதான் பொட்டு இல்லையா! அப்ப வெச்ச கைக்குக் கதை தெரிஞ்சிருக்கு.”

“படத்தைப் பாத்து அது விதவைன்னு நமக்குத் தெரியாது” என்றாள் ப்ரியம்வதா. “யாரோ பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்கணும். அந்தக் கதையை அந்த வீட்ல நீங்க யாருக்குச் சொன்னீங்க?”

“சாருக்குச் சொன்னேன். அவர்தான் கூப்பிட்டார், ஒவ்வொரு பலகையும் என்ன கதைன்னு தெரிஞ்சுக்கணும்னு. அப்ப மாமியும் கூட உக்காந்து கேட்டாங்க.” தர்மாம்பாள் மாமி. அருணாச்சலத்தின் மனைவி. இறந்து சில வருஷங்கள் ஆகின்றன.

“அப்ப பொட்டு மாமி வெச்சது. மாமி உயிரோட இருந்தப்பவே பொட்டு இருந்ததுன்னா இது போன மாசம் மாத்தின திரை இல்லை. மாத்தவே இல்லை. இது உங்களுக்கும் தெரியும்.”

சந்திரிகா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போகும் பஸ்ஸைப் பார்த்தாள்.

“ஏம்மா இதைப் போலீஸ்ல சொல்லல?” சேஷுவுக்குப் பொறுக்கவில்லை. “ஒரே வார்த்தை! உங்க பேரு நாறிட்டிருக்கு, வயித்துப் பொழப்பு போயிட்டிருக்கு, நீங்க என்னடான்னா...”

“மாமிக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றாள் சந்திரிகா. “நான் பேச ஆரம்பிச்சா எல்லாத்தையும் பேசணும் மேடம். நான் எடுக்கல. அவ்வளவுதான். மீதியை நீங்களே கண்டுபிடிச்சா எனக்குச் சந்தோஷம்.”

படியிறங்கும்போது சேஷு முணுமுணுத்தான்: “செத்தவங்களுக்குக் குடுத்த வாக்குக்காக உயிரோட இருக்கறவ சாகணுமா? இதெல்லாம் என்ன நியாயம் மேடம்?”

“நியாயம்னு யார் சொன்னது? வண்டியை எடு.”

*

தர்மாம்பாள் மாமியின் நவராத்திரிக்கு ஒரு வருஷம்கூடத் தவறாமல் போனவள் சாங்வியில் இருக்கிற மீனு. கோயம்புத்தூர்க்காரி. வெற்றிலை பாக்குக்குப் போன வீட்டிலெல்லாம் கொலுவை நாலு கோணத்தில் போட்டோ எடுக்காமல் சுண்டலைத் தொடமாட்டாள். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்தவர்கள் புனேயில் பலர். இன்றைக்கு சேஷு அவள் காலில் விழத் தயாராக இருந்தான்.

“அந்த வீட்டுக் கொலுவுங்களா? ஏனுங்க, எல்லா வருசமும் இருக்குதுங்க” என்று அவள் போனைத் தள்ளிக்கொண்டே போனாள். “அந்த ஜப்பான் தட்டியைத்தான் படிக்குப் பின்னாடி நிறுத்துவாங்க. பொம்மையெல்லாம் தங்கத்துக்கு முன்னாடி நிக்கறாப்பல அத்தனை அழகுங்க. இந்தாங்க. இது மாமி போறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி எடுத்தது.”

ப்ரியம்வதா படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் மேலே, பொன்மேகங்களுக்கு நடுவே, ராணிகள். நெற்றியில் சிவப்புப் புள்ளிகள். நாலு பேருக்கு இருந்தது. ஐந்தாமவளுக்கு இல்லை.

“கெடச்சாச்சு!” சேஷு தொடையில் அறைந்துகொண்டான். “கேஸ் முடிஞ்சது. வாங்க மேடம், போற வழியில மிசள் சாப்பிடலாம்.”

“இரு.” அவள் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “குத்துவிளக்கு திரைக்கு எவ்வளவு கிட்ட இருக்கு பாரு. சாம்பிராணி வேற. மீனு, அருணாச்சலம் சார் இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாரா?”

“அதைக் கேளுங்க! மனுசன் பயங்கரக் கோவக்காரருங்க. அந்த வருசந்தான் என்ற பையன் அந்த ஷோகேஸ்ல இருந்து ஒரு டீக் கோப்பையைத் தெரியாம எடுத்துப்போட்டான். காதைப் புடிச்சுத் திருகிட்டாரு, சிவந்துபோச்சுங்க. அன்னிக்கே பையன் அந்தத் தட்டியில எண்ணெக் கையை வெச்சுத் தடவிட்டும் இருந்தான். அதுக்கு ஒண்ணுமே சொல்லலீங்க. எனக்கே ஆச்சரியம்.”

ப்ரியம்வதா போனை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் இறுகிவிட்டிருந்தது. வெற்றி பெற்றவளின் முகமாக அது சேஷுவுக்குப் படவில்லை.

“மாமிக்குப் பொறந்த வீட்டு மனுஷா யாராவது பூனாவுல இருக்காங்களா?” என்று கேட்டாள்.

மீனு குரலைத் தாழ்த்தினாள். “ஒரே தம்பி. ராம்கின்னு பேரு. சார் ஃபேக்டரியிலயே சூப்பர்வைசரா இருந்தாருங்க. ஸ்டிரைக்குல முன்னாடி நின்னாரு. சாரே சொந்த மச்சானைக் கை காட்டி வேலையைவிட்டு எடுத்துட்டாருன்னு பேசிக்குவாங்க. அதோட அந்தத் தம்பி குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாரு. அக்கா செத்ததுக்குக்கூட வரலீங்க. மாமி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா அந்தத் தட்டியைத் துடைக்கறப்ப மாமி முகத்தைப் பாக்கோணும். என்ற தம்பியை வித்து வாங்கின பொருளுன்னு எழுதி ஒட்டினாப்பல இருக்கும்.”

வண்டி சாங்விப் பாலம் தாண்டியதும் சேஷு கேட்டான்: “மேடம், திரை மாறவே இல்லை. ஆனா எக்ஸ்பர்ட் அதை நகல்னு சொல்றான். அப்ப ஆரம்பத்திலேருந்தே நகலா?”

“ஆரம்பத்திலேருந்தே.”

“அந்த ஜப்பான்காரன் ஏமாத்திட்டான்! பாவம் கிழவர்.”

“அவருக்குப் பாவம் பாக்கறதுக்கு முன்னாடி அந்தக் கோப்பையை நெனச்சுக்கோ” என்றாள் ப்ரியம்வதா.

*

சாயங்கால வெயில் திரைமேல் விழுந்துகொண்டிருந்தபோது ஔந்த் ஃபிளாட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ப்ரியம்வதா போன் செய்து சந்திரிகாவை வரவழைத்திருந்தாள். மனோஜ் ஆபீஸிலிருந்து பாதியில் வந்திருந்தான். சந்திரிகாவைக் கண்டதும் அருணாச்சலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் திருப்புகிற தினுசில் கச்சிதமாகத் திருப்பினார்.

ப்ரியம்வதா, மீனு அனுப்பியிருந்த போட்டோவைத் தன் போனில் திறந்து மனோஜிடம் நீட்டினாள். அவன் போனையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தான்.

“சேம் டாட்ஸ்” என்றான். “அம்மா இருந்தப்பவே... மத்லப், அதாவது, இதுதான் நம்மளோடது? சந்திரிகா மேடம் மாத்தலயா?”

“மாத்தல. எக்ஸ்பர்ட் பொட்டைப் பாத்துட்டு நம்மூர் பெயிண்டர் வேலைன்னான். பெயிண்டர் நம்மூர் இல்லை. பொட்டு மட்டும்தான் நம்மூர்.”

“அப்பா! நீங்க ஒரிஜினல்ல பொட்டு இல்லைன்னு சொன்னீங்களே?”

அருணாச்சலம் தொண்டையைச் செருமினார். “மறந்துட்டேன்டே. வயசாவுதுலா. ஞாபகப் பிசகு.” பிறகு, கைக்கு எட்டின கட்டையைப் பிடித்துக்கொள்கிறவராகச் சட்டென்று நிமிர்ந்தார். “அப்பம் அந்த டைரக்டர் பயதான் என்ன ஏமாத்திருக்கான்! நகலக் குடுத்துட்டு அசல்னு சொல்லிட்டுப் போயிருக்கான்! நான் என்னத்தக் கண்டேன்? சரி, ஆனது ஆச்சு. சௌகில புகார வாங்கிக்கிடுதேன். எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சுபோச்சு.”

மனோஜ் மூச்சை விட்டான். சேஷுவும் விட்டான். ப்ரியம்வதா மட்டும் விடவில்லை.

“சார், உங்க டீக் கோப்பையைத் தொட்டா காதைத் திருகுவீங்க. முந்நூறு வருஷத்துத் திரைமேல உங்க சம்சாரம் குங்குமத்தை வெச்சிருக்காங்க. குத்துவிளக்கை ஒட்டி நிறுத்தியிருக்காங்க. கொழந்தைங்க எண்ணெய்க் கையால தடவியிருக்காங்க. வருஷக்கணக்கா மேற்கு வெயில்ல நிக்குது. நீங்க ஒரு தடவைகூடக் கத்தல. எரிஞ்ச கோடவுன்ல நான் இதை நிறையப் பாத்திருக்கேன். உள்ளே சரக்கு இல்லைன்னு தெரிஞ்சவன்தான் கதவைப் பூட்ட மறப்பான்.”

“என்ன சொல்லுதீக?”

“அது நகல்னு உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? எனக்கு ஜப்பான் எழுத்து ஒண்ணு தெரியாது!”

“தெரிஞ்ச ஒருத்தர் சொல்லியிருப்பாங்க.”

யாரும் சந்திரிகாவைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவள் அங்கே இருப்பது மட்டும் தெரிந்தது.

அருணாச்சலம் குரலைக் குழைத்தார். சேஷுவுக்கு அந்தக் குழைவுதான் கர்ஜனையைவிட அருவருப்பாக இருந்தது. “அம்மா, அவ எம் பொஞ்சாதி. படிக்காத பிள்ள. அதோட அருமை தெரியாம, பாவம், ஆசையா பொட்ட வச்சிட்டா. அவளப்போயி நான் திட்டுவனா? பாசத்துல விட்டுட்டேன். தர்மு என்னத்தக் கண்டா?”

“இப்பத்தான் பொட்டு இருந்ததே மறந்துபோச்சுன்னீங்க” என்றாள் ப்ரியம்வதா.

பதில் சொன்னது சந்திரிகா.

“மாமி தெரியாம வைக்கல சார்.”

இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் அது.

“அன்னிக்கு மாமி உள்ளே போனப்புறம் நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? நிஜத் தங்க ரேக்கு ஒட்டினா, சதுரத்துக்கு மேல சதுரம் ஏறின கோடு தெரியணும், இதுல அந்தக் கோட்டைத் தூரிகையால வரைஞ்சிருக்காங்க, இது கடையில விக்கற நல்ல நகல்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. சரின்னேன். அடுத்த வாரம் மாமி என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்க மூஞ்சி மாறியிருந்ததை அவங்க கவனிச்சுட்டாங்க. இது அசலா, நகலான்னு கேட்டாங்க. சாரைக் கேளுங்க மாமின்னேன். ‘கேக்க வேண்டாம்மா, கேட்டா பொய் சொல்லுவாக. நான் பாத்துக்கிடுதேன்’னாங்க.”

மனோஜ் எழுந்து நின்றான்.

“அந்த நவராத்திரிக்குத்தான் தீக்குச்சியில குங்குமத்தைத் தொட்டு ஒவ்வொரு ராணிக்கா வெச்சாங்க. நான் பதறிட்டேன். ‘அசலா இருந்தா இப்ப வந்து என்னை அடிப்பாக பாரு’ன்னாங்க. நீங்க வந்தீங்க. பாத்தீங்க. ஒண்ணும் சொல்லாம செருப்பைப் போட்டுக்கிட்டு வாக்கிங் போயிட்டீங்க. மாமி அப்படியே கொலுப்படியில உக்காந்துட்டாங்க. ‘என் தம்பியை இந்தக் காயிதத்துக்கா வித்தாக’ன்னாங்க. அழக்கூட இல்லை. அவருக்கு இருக்கறது இந்தப் பெருமை ஒண்ணுதான், தனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கினாங்க. அதுக்காகத்தான் நீங்க என்னைத் திருடின்னப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அவங்களை ஒண்ணும் தெரியாதவங்கன்னு இப்ப சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் மூட முடியல.”

அருணாச்சலம் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் அவர் சாப்பிட்ட ஒவ்வொரு வேளைச் சோற்றையும் எல்லாம் தெரிந்த ஒருத்தி பரிமாறியிருக்கிறாள். சேஷுவுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரவழைக்கவும் அவன் முயலவில்லை.

“ராம்கி மாமா...” என்றான் மனோஜ். “அவர் வேலை தானா விட்டுட்டுப் போனார்னு சொன்னீங்க.”

அருணாச்சலம் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ப்ரியம்வதா அருணாச்சலத்தின் போனை மேஜையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். “சௌகிக்குப் பேசுங்க. இவங்க முன்னாடியே பேசுங்க.”

மனோஜ் ஸ்பீக்கரைப் போட்டான். மணியடித்து, சப் இன்ஸ்பெக்டர் எடுத்தார். அருணாச்சலத்தின் மராத்தி சரளமாகவே ஓடியது. எத்தனை தொழிலாளிகளை அதட்டிய மராத்தி! நமஸ்கார் சாஹேப், ஒரு சின்னத் தவறான புரிதல், பொருள் வீட்டிலேயே இருக்கிறது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்: புரிதல் என்றால் என்ன? அந்தப் பெண் எடுத்தாளா இல்லையா? எடுத்ததைப் பார்த்ததுபோல எழுதிக் கொடுத்தீர்களே, அது எப்படி?

மராத்தி நின்றுவிட்டது.

அருணாச்சலம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நான் பொய் சொன்னேன்” என்றார் தமிழில்.

“காய்?” என்றது போன். என்ன?

“பொய் சொன்னேன். அந்தப் பிள்ள எடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்.”

“காய் மண்தாய்? மராத்தீத் போலா!” என்ன சொல்கிறீர்கள், மராத்தியில் பேசுங்கள் என்று அதட்டியது போன்.

அறையில் இருந்த எல்லாருக்கும் மராத்தி தெரியும். ஒருவர் சொன்னதை இன்னொரு பாஷையில் சொல்வதே பிழைப்பாகக் கொண்டவள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவள் உதட்டைத் திறக்கவில்லை. சேஷு வாயெடுத்தான். ப்ரியம்வதா அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

மனோஜ் வந்து அப்பாவின் கையிலிருந்து போனை எடுத்தான்.

“மாஜே பாபா கோட்ட போல்லே” என்றான். என் அப்பா பொய் சொன்னார். அந்தம்மா எதையும் திருடவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் குறையாமல் சொன்னான். அருணாச்சலம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, இதைச் சொல்வது யார் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மனோஜ் அப்பாவைப் பார்க்கவில்லை.

“முல்கா” என்றான். மகன் என்று மட்டும். அவருடைய என்ற சொல்லை அவன் சேர்க்கவில்லை.